மாத்திரை வாங்கியாச்சா... போட்டாச்சா?

ராமேஸ்வரம் தீவில், பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்களில் பலர் கருவாடு காயப்போடுவார்கள். சிலர் பாசி எடுக்கக் கடலில் இறங்குவார்கள். நான் பிளஸ் டூ படித்தவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்களையே சுகாதாரத் தன்னார்வலர்களாக எடுத்தார்கள். எங்கள் குழுவில், "யாரு போறீங்க?" என்று கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். "கொஞ்சம் ஊக்கத்தொகைக்கு ஊரெல்லாம் அலையணுமா?" என்று என் கணவர் முணுமுணுத்தார். மாமியார்தான், "போகட்டும்டா, நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு வரட்டுமே" என்று எனக்காகப் பேசினார்.

ரத்த அழுத்தம் பார்க்கவும், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கவும் பயிற்சி கொடுத்தார்கள். யாருக்கு என்ன மாத்திரை என்று எழுதுவது டாக்டர். அதை மாதாமாதம் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, பரிசோதித்து, நோட்டில் குறிப்பது என் வேலை.

தோளில் பையோடு முதல் நாள் தெருவில் இறங்கினேன். "சும்மா கிடக்குற உடம்புல சீக்கைத் தேடி வாராளே!" என்று திண்ணையில் இருந்த பாட்டி ஒருவர் சொல்ல, தெருவே சிரித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போகப் போகத்தான் ஊரின் நேரம் பிடிபட்டது. காலையில் போனால் வீட்டில் ஆள் இருக்காது. பெண்கள் கருவாட்டுக் களத்தில் இருப்பார்கள். பாசிக்குப் போகும் நாட்களில் சாயங்காலம்தான் பார்க்க முடியும். விசைப்படகில் போகும் ஆண்களைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் வசதி. வலையைப் பின்னிக்கொண்டே கையை நீட்டுவார்கள். "அஞ்சு நிமிஷம் வலையைக் கீழே வச்சுட்டு, பேசாம உட்காருங்கண்ணே" என்று கெஞ்ச வேண்டும்.

எங்கள் தெருவில் கருவாடு போடும் ஒரு பெரியம்மா உண்டு. சொந்தமில்லை; ஆனாலும் சின்ன வயதிலிருந்து எனக்குப் பெரியம்மாதான். முதல் தடவை பார்த்தபோதே 180க்கு 110 காட்டியது. 140க்கு 90 வந்தாலே கவனிக்க வேண்டும். டாக்டரிடம் கூட்டிப் போனேன். தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் மூன்று அட்டை மாத்திரை கொடுப்பேன். அவரும் முந்தானையில் முடிந்துகொள்வார். நான் நோட்டில் டிக் போடுவேன். சில மாதம் அளவு கூடத்தான் இருக்கும். "இப்பத்தான் வெயில்ல கருவாட்டைத் திருப்பிட்டு வாரேன், அதான்" என்பார். அப்போதே டாக்டரிடம் திரும்ப அனுப்பியிருக்க வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

2023ஆம் வருஷம், மாசி மாதம் ஒரு விடியற்காலை. பெரியம்மாவின் மருமகள் ஓடி வந்தாள். "மதினி, அத்தைக்கு ராத்திரியே வாய் கோணுச்சு. வாயுவா இருக்கும்னு எண்ணெய் தேய்ச்சுப் படுக்க வச்சோம். இப்ப கையைத் தூக்க மாட்டேங்குறாங்க!" 108க்கு போன் செய்து, பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோனோம். உயிர் தப்பினார். ஆனால் வலது கை விழுந்துவிட்டது. எத்தனை ஆயிரம் மீனை அறுத்து உப்பு வைத்த கை!

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, வாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நாங்கள் அந்த நேரத்தை எண்ணெய் தேய்த்தே கழித்துவிட்டோம்.

துணி எடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்தால் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே முப்பதுக்கும் மேல் மாத்திரை அட்டைகள், பிரிக்காமலே! எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. என் நோட்டில் எல்லா மாதமும் டிக் இருந்ததே...

பேச்சு கொஞ்சம் திரும்பிய பிறகு மெல்லக் கேட்டேன். "தலை வலிச்சா மட்டும் ஒண்ணு போடுவேன்த்தா. மத்ததைச் சேத்து வச்சேன். புயல், மழைன்னு வழி அடைச்சுப்போனா நீ எப்படி வருவே?" என்றார் குழறலாக.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பெரியம்மாவுக்கு எட்டு வயது. சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. அதுவரை ரயில் நின்றால் தீவு தனி. அரிசி, விறகு, கருவாடு எல்லாவற்றையும் கெட்ட நாளுக்கென்று சேர்த்தே வளர்ந்தவர். மாத்திரையையும் அப்படியே சேர்த்திருக்கிறார். அவர் பேரில் என்ன தப்பு? ரத்த அழுத்தம் வலிக்காது, தலை வலிக்காவிட்டாலும் தினமும் போட வேண்டும் என்று புரியும்படி சொல்லாதது என் தப்பு.

இப்போதெல்லாம் புது அட்டை கொடுக்கும் முன் பழைய காலி அட்டையைக் காட்டச் சொல்கிறேன். மீதி இருந்தால் திட்டுவதில்லை. ஏன் என்று கேட்கிறேன். கால் வீங்குது, மறந்துபோச்சு, நல்லாத்தானே இருக்கேன்... ஆளுக்கு ஒரு காரணம் வரும். டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சொல்ல வைக்கிறேன். உப்பைக் குறைக்கச் சொன்னபோது, "எங்க பிழைப்புல மண்ணைப் போடுறியா?" என்று சண்டைக்கு வந்தார்கள். "விக்கிறதை வித்துக்கங்க, தினமும் திங்கிறதைக் குறைங்க. ஒரு ஆளுக்கு நாளைக்கு எல்லாம் சேத்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள்ளதான் இருக்கணும்" என்றேன். சிலர் கேட்கிறார்கள்.

பெரியம்மா இன்று இடது கையால் கருவாட்டைத் திருப்புகிறார். என் தலை தெருவில் தெரிந்ததும், "ஏத்தா, காலி அட்டையை எடுத்து வைங்கடி!" என்று அவர்தான் முதலில் குரல் கொடுக்கிறார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "மாத்திரை வாங்கியாச்சா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "போட்டாச்சா?" என்று கேளுங்கள், அட்டையைப் பாருங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, மணியைப் பார்த்துக்கொண்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள். எண்ணெய் தேய்க்க வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். எனக்கு நேர்ந்த தாமதம் உங்களுக்கு வேண்டாம்.

- ஒரு வாசகி, பாம்பன்.