சிறிய அறையும் செம்மையான வாழ்வும்

கூடு கட்டும் குருவி தன் அலகுக்கு அடங்கிய துரும்பையே தேடுகின்றது. தன் வலிமைக்கு மிஞ்சிய தடியைத் தூக்க அது முயல்வதில்லை. தாய்வீட்டை விட்டு முதன்முதலாகப் படிக்கப் புறப்படும் மாணவரும், அவர்தம் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களிலிருந்து நம் பிள்ளைகள் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்துக்குச் செல்கின்றனர். 1974இல் திருநெல்வேலியில் ஒரு வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக் கழகமாக மலர்ந்த அந்நிறுவனம் தீவகத்துக்கு உயர்கல்வியை அண்மையாக்கிற்று. ஆயினும் நெடுந்தீவுப் பிள்ளை நாள்தோறும் போய்வருதல் எளிதன்று. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் வந்து குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்தே நகரை அடைதல் வேண்டும். ஆதலின் விடுதியில் இடம் பெறாதோர் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் அறை எடுத்துத் தங்குகின்றனர்.

தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது. பிறர் பிள்ளைகளுக்கு நம் பிள்ளை குறைந்துவிடலாகாது என்ற ஆசையினால் கட்டிலும் அலுமாரியும் தவணைப் பணத்துக்கு வாங்கப்படுகின்றன. தாயின் காப்பு அடகு கடைக்குப் போகின்றது. ஊரில் இழைத்த பாயும் கடகமும் மட்டும் வீட்டு மூலையிலேயே தங்கிவிடுகின்றன. தீவான் என்று யாரேனும் நகைப்பாரோ என்னும் கூச்சமே அதற்குக் காரணம். நகைப்பு ஒரு நாழிகையில் ஓய்ந்துவிடும்; அதற்கு அஞ்சிப்பட்ட கடனோ பட்டம் பெற்ற பின்னும் தொடர்ந்து வரும்.

அமெரிக்க அறிஞர் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் தம் கையாலேயே ஒரு குடில் அமைத்தார். அதன் அகலம் 10 அடி. நீளம் 15 அடி. செலவு 28 டொலரும் சில சதமும். அக்காலத்தில் ஹார்வார்ட் கல்லூரி மாணவர் ஓர் அறைக்கு ஆண்டொன்றுக்குக் கொடுத்த வாடகையே 30 டொலர் என அவர் கணக்கிட்டுக் காட்டுகின்றார். ஒரு கட்டில், ஒரு மேசை, எழுதுவதற்கு ஒரு சாய்மேசை, மூன்று கதிரைகள் ஆகியவையே அவருடைய முக்கிய தளபாடங்கள். மேசையில் அழகுக்கென வைத்திருந்த மூன்று சுண்ணாம்புக் கற்களையும், நாள்தோறும் தூசி துடைக்க நேர்ந்தமையால், வெளியே எறிந்துவிட்டாராம்! நம் மாணவர் அவ்வளவுக்குத் துறவு பூண வேண்டியதில்லை. எனினும், ஒவ்வொரு பொருளும் நம்மிடம் வேலை வாங்கும் என்பதை மறத்தலாகாது.

பணத்தைப் பங்கிடும் முறை

கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்குக. மேசைக்கும் கதிரைக்கும் நான்கு பங்கு; தலையணை, விரிப்பு, நுளம்பு வலை ஆகியவற்றுக்கு இரண்டு; விளக்குக்கு ஒன்று; புத்தகத் தட்டுக்கு ஒன்று; அழகுப் பொருளுக்கு ஒன்று. எஞ்சிய ஒரு பங்கு கையிருப்பாக இருக்கட்டும்.

மேசை பாவித்ததாயினும் குற்றமில்லை. வாங்குமுன் அதன் கால்களை ஆட்டிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி அரிக்கின்றது என்று அறிக. உட்கார்ந்தால் முழங்கை மேசையின் மட்டத்துக்கு வரவேண்டும். இரண்டரை அடி உயரம் பெரும்பாலோர்க்குப் பொருந்தும்.

ஒளியும் காற்றும்

வெண்சுவர் ஒளியைத் திருப்பி எறிவதால் சிற்றறையும் பெரிதாகத் தோன்றும். வீட்டுக்காரரின் இசைவு பெற்றுச் சுண்ணாம்பு அடித்தல் மலிவான அலங்காரம். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்று பழைய 60 வாற்றுக் குமிழுக்கு ஏறத்தாழ நிகரான ஒளி தரும். வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வருதல் நன்று.

தென்மேற்கு நோக்கிய யன்னல் வைகாசி தொடக்கம் சோளகக் காற்றை அள்ளித் தரும். வடகிழக்கு யன்னலின் நேர் கீழே மேசையை இட்டாலோ, வாடை மழையின் தூவானம் புத்தகங்களை நனைத்துவிடும்.

பனை தரும் அழகு

குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, வார்ந்து, சாயத்தில் அவித்து நம் தாய்மார் இழைக்கும் பொருள்கள் அறைக்கு வேண்டுவனவற்றுட் பலவற்றைத் தருகின்றன. பாயைக் காலையில் சுருட்டி வைத்தால், கட்டில் அடைக்கும் இடம் முழுவதும் நடமாடக் கிடைக்கும். பொத்திய கடகம் உடுப்புகளைக் கொள்ளும். மூடியுள்ள ஓலைப்பெட்டி எழுதுகருவிகளுக்கு உதவும். நிறம் மாற்றி இழைத்த தடுக்கு ஒன்று சுவரில் தொங்கினால் அதுவே ஓவியம். நண்பர் வரும்போது இறக்கி விரித்தால் அதுவே ஆசனம். இவை யாவும் பாரமற்றவை. படகில் ஏற்றி இறக்கக் கூலியாள் வேண்டா. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடியாதிருக்க வெயில் கண்ட நாளில் காயவைத்தால் போதும்.

பனைசார் தொழில்களை வளர்ப்பதற்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. இன்று பனையோலைப் பொருள்களை வெளிநாட்டார் விரும்பி வாங்குகின்றனர். அவர் விலை கொடுத்துப் பெறுவதை நம் பிள்ளைகள் வீட்டில் மறைத்து வைப்பது முறையாகுமா?

மேசையில் மலர் வைத்தல் இனிது. ஆனால் டெங்கு நுளம்பு தெளிந்த தேங்கு நீரிலே முட்டையிடுவது. முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை அளவே செல்லும். ஆகையால் குவளை நீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் கட்டாயம்.

பெற்றோர்களே! பிள்ளை புறப்படுமுன் அவனையோ அவளையோ அருகிருத்தி ஒரு தாளில் இரண்டு நிரல் எழுதச் சொல்லுங்கள். இல்லாமற் படிக்க முடியாதவை ஒன்றில். இருந்தால் நன்றென்பவை மற்றதில். முதல் நிரலை இன்று வாங்குங்கள். இரண்டாவது நிரலை முதலாண்டு முடியும் வரை மடித்து வையுங்கள். அதற்குள் அதிற் பாதி தேவையற்றதாகிவிடும். தாயின் காப்பு கையிலேயே இருக்கட்டும். அவள் இழைத்த பாய் பிள்ளையோடு படகேறட்டும்.