உங்களுக்குத் தெரியுமா? ஆகாயத்தில் அடாவடி!

விமானம் 'வந்து சேர்ந்தது' என்று எப்போது சொல்வீர்கள்? சக்கரம் தரையைத் தொட்டதுமா? இல்லவே இல்லை, கதவு திறந்ததும்தான்! ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன் போன ஜெர்மன்விங்ஸ் விமானம் தரையிறங்கியது 2 மணி 58 நிமிடம் தாமதமாக. நின்றது 3 மணி 3 நிமிடம் தாமதமாக. ஐரோப்பாவில் 3 மணி நேரம் ஆனால்தான் நஷ்டஈடு. "நாங்கதான் முன்னாடியே இறங்கிட்டோமே!" என்று வாதாடியது நிறுவனம். ஒரு கதவாவது திறந்து பயணி இறங்கலாம் என்ற நிலை வந்தால்தான் கணக்கு என்று 2014-ல் சொல்லிவிட்டது ஐரோப்பிய நீதிமன்றம். அந்த 5 நிமிடத்தின் விலை 250 யூரோ!

ஐரோப்பாவில் இந்த நஷ்டஈடு தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. ஆஃபரில் 20 யூரோவுக்கு டிக்கெட் எடுத்தவருக்கும் அதே தொகைதான்!

சரி, நம் நாட்டில்? உள்நாட்டு விமானம் 5 மணி நேரம் தாமதமானால் ரொக்கமாகக் கைக்கு வருவது... பூஜ்யம்! சாப்பிட ஏதாவது கொடுப்பார்கள். 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் கேட்கலாம், அல்லது டிக்கெட் பணத்தை முழுசாகத் திரும்ப வாங்கலாம். அமெரிக்கா மட்டும் என்ன வாழ்கிறது? அங்கேயும் தாமதத்துக்குச் சட்டப்படி நஷ்டஈடு பூஜ்யம்தான்!

2007 டிசம்பர். டெல்லியில் பனிமூட்டம். ஹைதராபாத் போகும் இண்டிகோ விமானத்துக்குள், இறங்காமல் காத்திருந்த பயணிகள் உட்கார்ந்திருந்தது சுமார் 11 மணி நேரம்! ஒருவர் விடவில்லை, லோக் அதாலத்துக்குப் போய் நஷ்டஈட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையும் ரத்து செய்துவிட்டது!

போர்டிங் பாஸ் வாங்கியாச்சு, இனி நம்மை விட்டுவிட்டுப் போகவே முடியாது என்று நினைக்கிறீர்களா? கொல்கத்தாவிலிருந்து அகர்தலா கிளம்பிய ஒரு குடும்பமும் அப்படித்தான் நினைத்தது. போர்டிங் பாஸ் கையில் இருந்தது, ஆனால் விமானம் போய்விட்டது! நேரத்துக்கு கேட்டுக்கு வந்து சேர்வது பயணியின் பொறுப்பு, தேடிப் பிடித்து ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் வேலை இல்லை. 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இது!

பயணி தப்பே செய்யாதபோதும் விட்டுவிட்டுப் போனால்? அதுவும் நடந்திருக்கிறது! 2023 ஜனவரி 9, பெங்களூரு. அதிகாலை கிளம்பி வந்து, சோதனையெல்லாம் முடித்து, விமானத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள் பயணிகள். கோ ஃபர்ஸ்ட் விமானம் அவர்களை ஏற்றாமலேயே டெல்லிக்குப் பறந்துவிட்டது. ஒருவர் இருவர் அல்ல, 55 பேர்! எண்ணிப் பார்க்க ஒரு ஆள்கூடவா இல்லை? சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட அபராதம் 10 லட்சம் ரூபாய். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை, உள்நாட்டில் எங்கே வேண்டுமானாலும் 12 மாதத்துக்குள் பறக்க ஆளுக்கொரு இலவச டிக்கெட் என்று அறிவித்தது. கிளைமாக்ஸ் இனிமேல்தான்! அதே ஆண்டு மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதையே நிறுத்திவிட்டது. 12 மாத டிக்கெட்டின் ஆயுள் 4 மாதம்கூட இல்லை!

இலவசம் என்றதும் இன்னொன்று! 1988-ல் தனது பத்து லட்சமாவது பயணிக்கு ஆயுள் முழுக்க இலவசப் பயணம் என்று அறிவித்தது அயர்லாந்தின் ரையன்ஏர். சில வருடம் கழித்துக் கையை விரித்தது. அந்தப் பெண்மணி கோர்ட்டுக்குப் போய் 2002-ல் வாங்கியது 67,500 யூரோ!

இருக்கிற சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்பது குற்றமா? இல்லை! 1972-ல் அமெரிக்காவின் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரையே சீட் இல்லை என்று நிறுத்திவிட்டது அலெகேனி ஏர்லைன்ஸ். ஆள் தெரியாமல் கை வைத்துவிட்டார்கள்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழ்க் கோர்ட் கணக்குப் போட்ட நஷ்டம் வெறும் 10 டாலர். தண்டமாகச் சேர்த்தது 25,000 டாலர். அந்த 25,000-ம் மேல்முறையீட்டில் பறிபோனது!

இந்தியாவில் அப்படி உங்களை ஏற்றாமல் நிறுத்தினால் அதிகபட்சம் 20,000 ரூபாய் கேட்கலாம். ஆனால் 1 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் ஒரு பைசா கிடையாது!

பறவை மோதி விமானம் தாமதமானால் ஐரோப்பாவில் நஷ்டஈடு இல்லை. துணை விமானி திடீரென்று இறந்துபோய் ரத்தானால்? உண்டு! 2019-ல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் ஹோட்டல் அறையிலேயே இறந்து கிடந்தார் ஒரு துணை விமானி. விமானம் ரத்து. ஊழியர் மரணம் நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தில் வருவதுதான் என்று 2023-ல் தீர்ப்பு. கல் மனசு என்று தோன்றுகிறதா? எனக்கும்தான்!

பாட்டி இறந்த துக்கத்தில் ஏர் கனடாவின் இணையதளத்துக்குப் போனார் ஒருவர். "இப்போ டிக்கெட் எடுங்க, துக்கச் சலுகையைப் பிறகு கேட்டு வாங்கிக்கலாம்" என்றது அங்கிருந்த சாட்பாட். பிறகு கேட்டால், அப்படி விதியே இல்லையாம்! வழக்கில் நிறுவனம் சொன்ன பதில்தான் அபாரம். சாட்பாட் தனி ஆளாம், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பாம்! நடுவர் மன்றம் அசரவில்லை. 2024-ல் 812 கனடா டாலரை எடுத்து வைக்கச் சொன்னது!

ஓயாமல் புகார் செய்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒரு யூத மதகுரு 8 மாதத்தில் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸுக்கு 24 புகார் அனுப்பினார். அதில் 9 புகார் பெட்டி தாமதமாக வந்தது பற்றி. பதிலுக்கு நிறுவனம் அவருடைய சலுகை அட்டையைப் பிடுங்கிக்கொண்டது! 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் நிறுவனத்தின் பக்கம்!

நடுவானில் 3 இன்ஜினும் நின்றுபோய், கடலில் இறக்கப்போகிறோம் என்று அறிவிப்பும் வந்தால் எப்படி இருக்கும்? 1983-ல் மயாமியிலிருந்து பஹாமாஸ் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் நடந்தது அது. கடைசி நேரத்தில் ஒரு இன்ஜின் உயிர் பெற்றுத் தப்பித்தார்கள். உயிர் பயத்துக்கு நஷ்டஈடு கேட்டார்கள். உடம்பில் காயமில்லாமல் வெறும் பயத்துக்குச் சர்வதேச ஒப்பந்தத்தில் இடமில்லை என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம்!

தொலைந்த பெட்டிகளுக்கென்றே அமெரிக்காவில் ஒரு கடை! அலபாமா மாநிலம், ஸ்காட்ஸ்பரோ. யாரும் கேட்டு வராத லக்கேஜை விமான நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கி, பிரித்து விற்கிறார்கள். 1970-ல் ஆரம்பித்த மனிதர் கையில் இருந்தது 300 டாலர் கடன்!

கனடா இசைக் கலைஞர் டேவ் கரோலின் கிட்டார் 2008-ல் யுனைடெட் விமானத்தில் உடைந்தது. ரிப்பேர் செலவு 1,200 டாலர். 24 மணி நேரத்துக்குள் சொல்லவில்லை என்று நிறுவனம் கைவிரித்தது. மனிதர் பாட்டு கட்டி யூடியூபில் போட்டார், உலகமே சிரித்தது!

வெளிநாட்டுப் பயணத்தில் உங்கள் பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். 8-வது நாள் போய் நின்றால், உடைந்த பெட்டிக்கு வழக்கே நிற்காது!