பங்களாவும் லயமும்

மூணாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்த எனக்கு அப்போது 16 வயது. நண்பனின் கம்ப்யூட்டரில் ‘இரகள்’ பார்த்தேன். ‘இரைகள்’ என்று பொருள். கே.ஜி. ஜார்ஜ் 1985-ல் எடுத்த மலையாளப் படம். பணக்கார ரப்பர் தோட்டக் குடும்பத்தின் கடைசி மகன் பேபி, கழுத்தை நெரித்துக் கொலைகள் செய்கிறான். கடைசியில் அப்பாவே அவனைச் சுட்டு வீழ்த்துகிறார். ஏன் கொன்றான்? படம் பதில் சொல்வதில்லை. பணமும் அடாவடியும் நிறைந்த அந்த வீட்டைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பயந்துதான் போனேன். ஆனால் அது பங்களாக்காரர்களின் கதை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஆண்டு, 2013-ல், பாலாவின் ‘பரதேசி’ வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலைத் தழுவிய படம். முன்பணம் கொடுத்து கங்காணி ஆட்களை மலைக்குக் கூட்டிவருகிறான். கடன் தீருவதே இல்லை. தப்பியோடிப் பிடிபடும் ராசாவின் கால் நரம்பை வெட்டிவிடுகிறார்கள்.

டி.வி.யில் அதைப் பார்த்தபோது பாட்டியும் பக்கத்தில் இருந்தார். கடைசிக் காட்சியில் ராசாவின் காதலி, குழந்தையோடு அதே தோட்டத்துக்குக் கூலியாக வந்து சேர்கிறாள். பாட்டி அழவில்லை. தன்னையும் அம்மா இப்படித்தான் இடுப்பில் சுமந்து மலையேறினாள் என்று மட்டும் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.