ஆயுத பூஜை வரைக்கும் தாங்கும் பூசணி

இமாச்சலிலும் காஷ்மீரிலும் பறித்த ஆப்பிளைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். பறித்த பிறகும் காய், பழமெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். குளிர் அந்த மூச்சை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான் சூட்சுமம். ஒரகடம் பக்கம் அந்தக் குளிருக்கு நாம எங்கே போக? மார்கழி ராத்திரியிலேயே 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனா குளிரே இல்லாம நாலு மாசம் தாங்குற காய் நம்மகிட்ட இருக்கு: சாம்பல் பூசணி.

தையில் போட்ட விதை வைகாசிக் கடைசியில் அறுப்புக்கு வரும். எல்லார் கொடியிலும் ஒரே நேரத்தில் காய். அப்போ வியாபாரி சொல்றதுதான் விலை. அதே காய்க்கு ஆயுத பூஜையன்னைக்கு வர்ற மரியாதையே வேற. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியா சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் கார் கம்பெனி, லாரி ஷெட், எடை மேடை, பஞ்சர் கடை என்று வாசலுக்கு வாசல் திருஷ்டிப் பூசணி. (உடைச்சவங்க ஓரமா தள்ளிட்டுப் போனா நைட் ஷிப்ட் பைக்குக்காரங்க பிழைப்பாங்க.) இடைப்பட்ட நாலு மாசம் காயை வீட்டில் காப்பாத்திட்டா விலை நம்ம கையில்.

காப்பாத்துறது கொடியிலேயே ஆரம்பிக்குது. காய் மேல சாம்பல் நல்லா பூத்த பிறகுதான் அறுக்கணும். அந்த வெள்ளைப் பூச்சு ஒரு மெழுகு; உள்ளே இருக்கிற நீரை அதுதான் காக்குது. கழுவாதீங்க, துடைக்காதீங்க. ரெண்டு அங்குலம் காம்பு விட்டுக் கத்தியால் அறுக்கணும். காம்பைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது. காம்பு கழன்ற இடத்தில்தான் அழுகல் நுழையும். நிழலில் ஒரு வாரம் ஆறப்போட்டு, கீறல், அடி பட்டதை ஒதுக்கிடணும். அதெல்லாம் கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும்.

மிச்சத்தை உத்திரத்தில் உறி கட்டி, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம தொங்கவிடுறேன். எங்க ஓட்டு வீட்டில் காத்து சுத்தி வரும். தளம் போட்ட வீட்டில் மாடி அறையின் வெக்கை ஆகாது; கீழ் அறையில் ஜன்னலைத் திறந்து வைங்க. உறிக்கு இடமில்லைன்னா பிரிமணை மேல ஒரே அடுக்கா வைக்கலாம். வெறும் சிமெண்ட் தரையில் மட்டும் வேண்டாம், அடியில் வேர்க்கும்.

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின மின்சாரமில்லாத குளிர் அறையைக் கட்டலாமான்னு பலர் கேட்கிறாங்க. ரெட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஈர மணல். கோடையில் கீரைக்கும் தக்காளிக்கும் அருமையான ஏற்பாடு. பூசணிக்கு அந்த ஈரம் எமன். கோல்டு ஸ்டோரேஜும் தோதுப்படாது. ஆப்பிளுக்குச் சுகமான பூஜ்ய டிகிரி பூசணிக்கு நோவு. 10 டிகிரிக்குக் கீழே வெச்சு வெளியே எடுத்தா தோல் குழி விழுந்து அழுகிடும்.

வாரத்துக்கு ஒரு தடவை காம்பையும் அடிப்பக்கத்தையும் அழுத்திப் பார்ப்பேன். மெத்துன்னு இருந்தா அன்னைக்கே கீழே இறங்கிடும். ஆடி மழையில் ஈரக்காத்து அடிக்கும்போது மூணு நாளுக்கு ஒருமுறை. நூறு காய் கட்டினா பத்துப் பதினைஞ்சு இப்படிப் போகும். மீதி பூஜைக்கு முந்தின வாரம் வாசலிலேயே வித்துப்போகுது, வைகாசியில் கேட்ட விலைக்கு ரெண்டு மடங்குக்குக் குறையாம.

ரெண்டு காயை மட்டும் விற்கிறதில்லை. மார்கழி வரைக்கும் உறியிலேயே கெடாம இருக்கிறது எதுவோ, அதை உடைச்சுத்தான் தைக்கு விதை எடுக்கிறேன்.