பொழுது பார்த்துக் கதிர் வாங்கும் நெல்

பிளவக்கல்லில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். மேற்கே மலை நிமிர்ந்து நிற்பதால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே அடிவார வயல்களில் வெயில் மறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கிழக்கே, வத்திராயிருப்புப் பக்கத்து நெல் இன்னும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அப்படியானால் அடிவாரப் பயிருக்குப் பகல் குறைந்துபோனதா?

மாவுச்சத்து சேர்ப்பதைப் பொறுத்தவரை குறைந்ததுதான். பருவம் கணிப்பதைப் பொறுத்தவரை இல்லை. அதற்கு நேரடி வெயில் தேவையில்லை. வானத்தில் மிச்சமிருக்கும் மங்கல் வெளிச்சத்தையும் இலை பகல் என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நன்றாக இருட்டிய பிறகுதான் அதற்கு இரவு. தெருவிளக்கை ஒட்டி நிற்கும் சில ரகப் பயிர்கள் கதிர் விடத் தாமதிப்பதும் இதனால்தான்.

பகலின் நீளம் பூப்பைத் தீர்மானிக்கிறது என்பதை 1920-ல் தெளிவாக எழுதியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும். புகையிலையிலும் சோயாவிலும் அதைக் கண்டார்கள். பயிர் உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது 1938-ல் தெரியவந்தது. நம் பழைய நெல் ரகங்கள், துவரை, மொச்சை எல்லாம் இரவு நீண்டால் பூக்கிற வகை.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் ஜூன் மாத நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். டிசம்பரின் குறுகிய பகல் சுமார் 11 மணி 35 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சம்தான். டெல்லியில் அது மூன்றரை மணி நேரத்துக்கு மேல். இவ்வளவு சின்ன மாற்றம் பயிருக்குத் தெரியுமா என்று சந்தேகம் வரலாம். பூமத்திய ரேகையை ஒட்டிய மலாக்காவில் ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் 14 நிமிடம். அங்கே சயாம் 29 என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாள் ஆனது. செப்டம்பரில் விதைத்தபோது 161 நாள். 1959-ல் வெளியான இந்தக் கணக்கைப் படித்த பிறகு, விதையின் நுட்பத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

மாப்பிள்ளைச் சம்பாவும் கவுனியும் இதே குணம் உள்ளவை. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும், பொழுது குறுகும்வரை காத்திருந்து ஏறத்தாழ ஒரே சமயத்தில் கதிர் வாங்கும். பால் பிடித்து மணி முற்றுவது மார்கழிக் குளிரில். சத்து விஷயம் இங்கேதான் நுழைகிறது. இரவு குளிர்ந்திருந்தால், பகலில் சேர்த்ததைச் செடி மூச்சுவிட்டே செலவழிப்பது குறையும். மணி நிதானமாக நிறையும். பால் பிடிக்கும் சமயம் வெக்கை அதிகமானால் அரிசியின் நடுவே சுண்ணாம்பு வெள்ளை விழும், ஆலையில் நொய்யாகும், மாவுச்சத்தின் சேர்மானமே மாறும். கவுனிக்குக் கருமை தரும் ஆந்தோசயனின் நிறமியும் சூட்டில் குறையும். அந்தக் கருமைக்காகத்தான் அதை விலை கொடுத்து வாங்குகிறோம்.

1966-ல் வந்த ஐஆர் 8, பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத நெல். அதன் வழியில் வந்த ரகங்களால் எந்தப் பட்டத்திலும் விதைக்க முடிந்தது. நாட்டின் பசி தணிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தனக்கான மாதத்தைத் தானே தேடிக்கொண்ட வேலையை விதை விட்டுவிட்டது. இப்போது அது நம் வேலை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கவுனியிலிருந்து உருவாக்கிய கோ 57 எல்லாப் பட்டத்துக்கும் ஏற்றது என்கிறார்கள். விளைச்சலுக்கு நல்ல செய்தி. பங்குனி வெயிலில் முற்றிய கருப்பரிசியும் மார்கழியில் முற்றியதும் ஒரே பெயரில், ஒரே சத்துப் பட்டியலோடு விற்கப்படுவது மட்டும் சரியில்லை. பாரம்பரிய அரிசிப் பொட்டலங்களில் ரகத்தின் பெயரோடு அறுவடை மாதத்தையும் அச்சிட வேண்டும்.

எல்லாப் பயிரும் இப்படிப் பொழுது பார்ப்பதில்லை. ராஜபாளையம் மாந்தோப்புகள் பூப்பது குளிர்ந்த இரவுகளால்; பகல் நீளத்துக்கு அதில் பங்கில்லை.

கீரையில் வெளிச்சத்தின் வேலை இன்னும் நேரடியானது. மண்ணிலிருந்து உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்றும் நொதி வெளிச்சத்தில்தான் சுறுசுறுப்பாகும். பகல் குறுகினாலோ மூட்டம் போட்டாலோ நைட்ரேட் இலையிலேயே தங்கிவிடும். வைட்டமின் சி-யும் குறையும். குளிர்காலப் பகல் மிகக் குறுகிய ஐரோப்பாவில், லெட்யூஸ் கீரையில் இருக்கலாம் என்ற நைட்ரேட் அளவைக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாகவே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பசலையைச் சோதித்தவர்கள், விடிகாலையில் பறித்ததைவிடப் பிற்பகலில் பறித்ததில் நைட்ரேட் குறைவு என்று கண்டிருக்கிறார்கள்.

சந்தைக்கு அனுப்புகிறவருக்கு விடிகாலைப் பறிப்பை விட வழியில்லை. இலை வாடினால் விலை போகாது. வீட்டுக் கொல்லையில் பாத்தி வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் யூரியாவைக் கொஞ்சம் கையடக்கிப் போட்டு, நல்ல வெயில் அடித்த நாளின் பிற்பகலில் கீரையைக் கிள்ளி, அன்று இரவே கடைந்துவிடலாம்.