எழுதப்பட்ட சட்டமும் எளியோர் உரிமையும்

உரோமாபுரி என்றவுடன் சீசரும் பேரரசுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முந்தைய குடியரசுக் காலமே நாம் கற்கத்தக்க பாடங்கள் நிறைந்தது.

உரோமர் கி.மு. 509இல் இறுதி மன்னன் டார்க்குவினை விரட்டி, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் கான்சல்கள் இருவரிடம் ஆட்சியை ஒப்படைத்தனர் என்பது மரபு. ஆயினும் முடி நீங்கியதேயன்றிக் கொடுமை நீங்கவில்லை. அதிகாரம் 'பெட்ரீசியர்' எனும் உயர்குடியினரிடம் குவிந்தது. 'பிளெபியர்' எனும் பொதுமக்கள் போரில் குருதி சிந்தினர். கடனைத் தீர்க்க இயலாதோர் கடன் கொடுத்தோர்க்கு அடிமைப்பட்டனர்.

கி.மு. 494இல் அவர்கள் வாளெடுக்கவில்லை. நகரை விட்டு வெளியேறிப் புனித மலையில் தங்கினர். வீரரின்றி நகரைக் காப்பது எங்ஙனம்? உயர்குடியினர் இணங்கினர். மக்களைக் காக்கும் 'டிரிபியூன்' பதவி பிறந்தது.

எனினும் சட்டம் எழுதப்படாமல் உயர்குடியினர் நினைவிலேயே இருந்தது. கி.மு. 451-450இல் அது பன்னிரு பலகைகளில் பொறிக்கப்பெற்று, பொதுமன்றத்தில் வைக்கப்பட்டது. இரு வகுப்பாரும் மணந்துகொள்வதைத் தடுக்கும் விதியும் அதில் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் அநீதியை எதிர்ப்பது எளிதன்றோ! கி.மு. 445இல் அவ்விதி நீக்கப்பட்டது. கி.மு. 287இல் பொதுமக்கள் அவையின் தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அவ்வுரிமை எட்டவில்லை.

சட்டம் ஏட்டில் ஏறினால் மட்டும் போதாது. அதனைப் படித்தறியும் மக்களும் வேண்டும். கல்வியின் பயன்களுள் இதுவும் ஒன்று என்பதை நாம் மறவாதிருப்போமாக!