பதிவேட்டில் ஒரு கேள்வி

எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும். நடுவே துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு 2010-ல் வந்த ஆலை. கரை எவ்வளவு கரைந்தது, மீன் எவ்வளவு குறைந்தது, ஆற்றில் என்ன கலந்தது என்று அளந்துகொண்டே இருக்கும் ஊர் இது. பள்ளிக்கூட பீரோவில் இருக்கும் வருகைப் பதிவேடும் ஓர் அளவைதான். அதை ஆய்வுக் கண்ணோடு புரட்டுகிறவர்கள்தான் குறைவு.

பி.எட். படித்த எல்லோருக்கும் ‘செயலாராய்ச்சி’ தெரியும். கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1946-ல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல். 1953-ல் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிக்கூடத்துக்கென்றே புத்தகமாக எழுதினார். தன் வகுப்பின் சிக்கலை ஆசிரியரே ஆராய்வது, அவ்வளவுதான். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் வந்த ‘டயட்’ எனும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு இதுவும் ஒரு வேலை. திருவள்ளூர் மாவட்டத்துக்கு அது திரூரில் இருக்கிறது.

நான் படித்த கல்லூரியில் செயலாராய்ச்சி என்றால் ஸ்பைரல் பைண்டிங். முன்தேர்வு, இரண்டு வாரம் மின்னட்டை, பின்தேர்வு, மதிப்பெண் ஏறியது, முடிவுரை. மதிப்பெண் ஏறாத ஒரு ரிப்போர்ட்டையும் அங்கே பார்த்ததில்லை. அதே வினாத்தாளை இரண்டாம் தடவை கொடுத்தால் பிள்ளைகள் கூடுதலாக எழுதத்தானே செய்யும் என்று கேட்டேன். “எக்ஸ்டர்னல் வர்றப்போ இதையெல்லாம் கிளப்பாதே” என்றார் சார்.

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் ‘மீனவக் குழந்தைகளின் கல்விப் பின்னடைவு’ என்று தலைப்பு எழுதுகிறார். ஒரு பல்கலைக்கழகமே பத்து வருஷம் உட்கார்ந்தாலும் முடியாத தலைப்பு. எந்த வகுப்பு, எந்தப் பிள்ளைகள், எந்த நாள்? பதிவேட்டை விரித்தால் ஆப்சென்ட் குறிகள் சில நாள்களில் கொத்தாக விழுந்திருக்கலாம். அந்த நாள்களில் ஊரில் என்ன நடந்தது?

அருகிலுள்ள பழவேற்காடு வட்டார மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வது. வீட்டுக்குப் பாடு வரும் நாளும் பிள்ளை வராத நாளும் ஒத்துப்போகிறதா? இப்போதுதான் அது ஆய்வுக் கேள்வி. ஆறு மாதப் பதிவேடு, ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக் குறித்த பாடு நாள்கள், இரண்டு பத்தி கோடு போட்ட ஒரு நோட்டு போதும். ஒத்துப்போகாவிட்டாலும் நஷ்டமில்லை. “வலைக்குப் போயிடுவான் சார்” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்ளும் காரணம் தப்பு என்றாவது தெரியும். பிறகு அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம்: பஸ்ஸா, தண்ணீர் தேங்கிய பாதையா, கணக்கு பீரியடா?

பெற்றோரிடம் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். நோட்டில் பிள்ளையின் பெயர் வேண்டாம், எண் போதும். இதில் நான் கறார்.

ஏன் பழைய பதிவேடு? 1924-ல் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் தொழிலாளர்களின் வேலையை அளக்கத் தொடங்கினார்கள். யாரோ கவனிக்கிறார்கள் என்பதாலேயே வேலை மாறிவிடும் என்பதற்கு இன்றும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். (அந்தக் கணக்கின்மீதே பின்னால் சந்தேகம் வந்தது வேறு கதை.) பழைய பதிவேட்டுக்கு இந்த வம்பில்லை. ஆப்சென்ட் போட்ட அன்றைக்கு யார் மனதிலும் ஆராய்ச்சி இல்லை.

ஜூனில் புதுப் பதிவேடு வந்துவிடும், டீச்சர். பழையதைப் பரண்மேல் போடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அதோடு உட்காருங்கள்.